கால்சியம் மோனோஹைட்ராக்சைடு பொறியில் சிக்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழி

இந்த வழிமுறை கால்சியம் மோனோஹைட்ராக்சைடு என்ற ஒரே மூலக்கூறுக்கானது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஹைட்ராக்சில் உண்டு. இதில் ஒன்றுதான். அதனால் கால்சியத்தின் மேல் ஒரு எலக்ட்ரான் தனியாக மிஞ்சி நிற்கிறது. லேசருக்கு வேலை அந்த எலக்ட்ரானோடுதான். ஸ்ட்ரான்ஷியமோ இட்டர்பியமோ வைத்திருப்பவர்கள் அலைநீளங்களை மாற்றிக்கொண்டு மீதியை அப்படியே பின்பற்றலாம்.

அமைப்பு வழக்கமானதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். 4 கெல்வினுக்கு அருகில் ஹீலியம் நிரம்பிய செல், அதற்குள் கால்சியக் கட்டி, அதைச் சுட்டு ஆவியாக்கும் யாக் என்ற பல்ஸ் லேசர், நீராவி கொண்டுவரும் சூடான குழாய். செல்லிலிருந்து மூலக்கூறுக் கற்றை வெளியே வரும். எதிர்த்திசையில் வரும் லேசர் அதன் வேகத்தைக் குறைக்கும். கடைசியில் காந்த ஒளிப் பொறி, அதாவது காந்தப்புலமும் லேசர்களும் சேர்ந்து மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும் இடம். முக்கிய லேசர் 626 நானோமீட்டர். அதோடு அதிர்வு நிலைகளில் போய் ஒளிந்துகொள்ளும் மூலக்கூறுகளைத் திரும்ப இழுத்துவரும் ரீபம்ப் லேசர்கள். அதிர்வு நிலைகளை மூன்று இலக்கங்களால் குறிப்பேன்: முதல் இலக்கம் கால்சியம்–ஆக்சிஜன் நீட்சி, நடுவில் உள்ளது வளைவு, கடைசி ஆக்சிஜன்–ஹைட்ரஜன் நீட்சி.

## தொடங்கும் முன்

மூன்று எண்களைத் தினமும் காலையில் குறித்து வையுங்கள்: செல்லுக்குள் உறிஞ்சல் எவ்வளவு, கற்றையில் பொறிக்குச் சற்று முன்னால் ஒளிர்வு எவ்வளவு, பொறியில் ஒளிர்வு எவ்வளவு. பிழை வந்தால் மேலிருந்து கீழாகப் பாருங்கள். எந்த எண் முதலில் விழுந்திருக்கிறதோ அங்கே நில்லுங்கள். பொறி மங்கலாக இருக்கிறது என்றதும் பொறியின் கண்ணாடிகளைத் திருப்ப ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்வது. பாதி நாள் அதில் போகும், ஏற்கெனவே சரியாக இருந்த அலைன்மென்ட்டும் கெடும்.

யாக் பக்கம் போகும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். ஒரே ஒரு பல்ஸ் போதும், கண் போய்விடும்.

## அறிகுறி 1: செல்லுக்குள்ளேயே சிக்னல் இல்லை அல்லது மிகவும் குறைவு

முதலில் கால்சியம் அணுவைப் பாருங்கள். 423 நானோமீட்டரில் அணு உறிஞ்சல் பலமாகத் தெரியும். இந்த ஒரு சோதனை வழியை இரண்டாகப் பிரித்துவிடும்.

அணுவும் இல்லை, மூலக்கூறும் இல்லை என்றால்

சுடும் இடம் தேய்ந்திருக்கும். யாக் கற்றையை அனுப்பும் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி, கட்டியில் புது இடத்தில் சுடுங்கள். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். சமீபத்தில் செல்லைத் திறந்திருந்தால் கால்சியத்தின் மேல் வெள்ளைப் படலம் படிந்திருக்கும். ஒரே இடத்தில் சிறிது நேரம் சுட்டுக்கொண்டே இருந்தால் அது உரிந்து சிக்னல் ஏறும்.

ஏறவில்லையா? யாக் ஆற்றலை மீட்டர் வைத்து அளந்து பாருங்கள், கட்டுப்பாட்டுப் பெட்டி காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஆற்றல் சரியாக இருந்தால் உள்ளே நுழையும் ஜன்னலில் கால்சியத் தூசி படிந்திருக்கலாம். ஆற்றலே குறைவு என்றால் ஃபிளாஷ் விளக்குக்கு வயதாகிவிட்டது. விளக்கை மாற்றும் பயிற்சி உங்களுக்கு இல்லையென்றால் தயாரிப்பாளரின் சர்வீஸ் ஆளை அழையுங்கள். அந்தப் பெட்டியின் மின்தேக்கி, சுவிட்சை அணைத்த பிறகும் ஆளைக் கொல்லும் அளவு மின்னழுத்தத்தை வைத்திருக்கும்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் வெப்பநிலையைப் பாருங்கள். 4 கெல்வினில் நிற்க வேண்டியது மெல்ல ஏறிக்கொண்டிருந்தால் கம்ப்ரஸருக்குப் போகும் குளிர்நீரின் ஓட்டத்தையும் வெப்பத்தையும் முதலில் பாருங்கள். அது சரியாக இருந்து கம்ப்ரஸரின் ஹீலியம் அழுத்தம் இறங்கியிருந்தால் அதற்கு மேல் உங்கள் வேலை இல்லை. ஹீலியம் குழாயின் இணைப்புகளைத் தளர்த்த வேண்டாம். சர்வீஸை அழையுங்கள்.

அணு நன்றாக இருக்கிறது, மூலக்கூறு மட்டும் இல்லை என்றால்

இப்போது இரண்டே சந்தேகம்: பார்க்கும் லேசர் தவறான இடத்தில் இருக்கிறது, அல்லது தண்ணீர் வரவில்லை.

லேசரை முதலில் பார்க்கலாம், செலவில்லை. அலைநீளத்தை அளக்கும் வேவ்மீட்டர் எட்டாவது இலக்கம் வரை எண் காட்டுகிறது என்பதால் லேசர் ஒரே மோடில், அதாவது ஒரே அதிர்வெண்ணில், ஓடுகிறது என்று அர்த்தமில்லை. இரண்டு மோடில் தடுமாறும் டயோடு லேசருக்கும் அது கூச்சமில்லாமல் ஓர் எண்ணைக் காட்டும். ஸ்கேன் செய்யும் ஃபாப்ரி–பெரோவில் (லேசரில் எந்தெந்த அதிர்வெண் இருக்கிறது என்று காட்டும் கேவிட்டி) ஒற்றைச் சிகரம் தெரிகிறதா என்று பாருங்கள். அடுத்து, வேவ்மீட்டரே நகர்ந்திருக்கலாம். இந்த மாற்றத்தின் இயல்பான அகலம் 6 மெகாஹெர்ட்ஸ் அளவுதான். வேவ்மீட்டர் மதியத்துக்குள் அதைவிட அதிகமாக நகர்ந்துவிடக்கூடும். ஹீலியம்–நியான் லேசரையோ அயோடின் கோட்டையோ வைத்துச் சரிபார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் அகலமாக ஸ்கேன் செய்யுங்கள்.

தண்ணீர்க் குழாய்க்கு வந்தால், 4 கெல்வின் செல்லுக்குள் சூடாக நுழையும் குழாய் அது. நுனியில் உள்ள வெப்பமானி உறைநிலைக்குக் கீழே காட்டினால் உள்ளே பனிக்கட்டி அடைத்திருக்கிறது. ஹீட்டரை ஏற்றிப் பொறுமையாகக் காத்திருங்கள். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. தண்ணீர் அதிகமாக விட்டால் செல்லின் உள்சுவரெல்லாம் பனி மூடி, நாளுக்கு நாள் சிக்னல் இறங்கும். இதற்கு ஒரே மருந்து, முழுவதையும் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, பம்ப் செய்து, மறுபடி குளிர்விப்பது. இரண்டு நாள் போகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சிக்னல் இருக்கிறது, ஆனால் பல மடங்கு குறைந்துவிட்டது என்றால் 657 நானோமீட்டர் லேசரை ஓர் அட்டையால் மறையுங்கள். கால்சியம் அணுவைக் கிளர்ச்சியூட்டி, தண்ணீரோடு சேரும் வினையைத் தூண்டிவிடும் லேசர் அது. மறைத்தும் மறைக்காமலும் சிக்னல் ஒன்றாகவே இருந்தால் அந்த லேசர் கோட்டிலிருந்து விலகிவிட்டது. இந்த அட்டைச் சோதனையை நினைவில் வையுங்கள். அறிகுறி 4 முழுக்க இதுதான்.

## அறிகுறி 2: செல்லில் நன்றாக இருக்கிறது, கீழே கற்றையில் மெலிந்துவிடுகிறது

காலையில் சரியாக இருந்து, சில மணி நேரத்தில் மெலிகிறதா? கரி நிரம்பிவிட்டது. செல்லைச் சுற்றியுள்ள குளிர்ந்த தகடுகளில் ஒட்டியிருக்கும் கரிதான் ஹீலியத்தை உறிஞ்சும் பம்ப். தேங்காய்ச் சிரட்டைக் கரிதான் இதற்கு வழக்கமாகப் போடுவது. எங்கள் ஊரில் இஸ்திரிப் பெட்டிக்குப் போகும் சரக்கு, அங்கே பல லட்சம் ரூபாய்க் கருவிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஹீலியம் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, தகடுகளை 20 கெல்வினுக்கு மேல் சூடாக்கி, வெளிவரும் வாயுவை டர்போ பம்ப் இழுத்துக்கொள்ளும்வரை விட்டால் கரி மறுபடி தயார்.

காலையிலிருந்தே மெலிந்திருந்தால் ஓட்டத்தின் அளவைப் பாருங்கள். நிமிடத்துக்குச் சில கன சென்டிமீட்டர் என்ற அளவில்தான் ஹீலியம் போக வேண்டும். கூடினால் கற்றையின் வேகம் கூடும், குறைந்தால் மூலக்கூறுகள் குளிருமுன் சுவரில் ஒட்டிவிடும். அப்புறம், செல்லின் வாய்த் துளையில் கால்சியத் தூசி. இதற்குத் திறந்துதான் ஆக வேண்டும்.

## அறிகுறி 3: கற்றை வருகிறது, வேகம் குறையவில்லை

ஒரு கணக்கு கைவசம் இருக்கட்டும். 626 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்று இந்த மூலக்கூறின் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 1.1 சென்டிமீட்டரைக் குறைக்கும். கற்றை விநாடிக்கு 140 மீட்டரில் வந்தால் அதை நிறுத்த ஏறத்தாழ 12,500 ஃபோட்டான் வேண்டும். அந்த வேகத்தில் டாப்ளர் நகர்வு, அதாவது ஓடிவரும் மூலக்கூறுக்கு லேசரின் அதிர்வெண் மாறித் தெரியும் அளவு, 220 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேல்.

வேகப் பரவலைச் சாய்வான லேசரால் அளந்து பாருங்கள். கீழே உள்ள மூன்று காட்சிகளில் ஏதாவது ஒன்று தெரியும்.

பரவல் அசையவே இல்லை. எதிர்த்திசைக் கற்றை மூலக்கூறுகள் மேல் படவில்லை, அல்லது அதன் அதிர்வெண் தவறு. கற்றை செல்லின் வாயில் போய் விழுகிறதா என்று கேமராவில் பாருங்கள். எதிர்முனை ஜன்னலில் காலப்போக்கில் கால்சியம் படிந்து கண்ணாடி மங்குவது சாதாரணம்.

எல்லா வேகத்திலும் சிக்னல் ஒரேயடியாகக் குறைகிறது. மூலக்கூறுகள் எந்த லேசரும் தொடாத ஏதோ ஓர் இருட்டு நிலைக்கு ஒழுகுகின்றன. அறிகுறி 4-க்குப் போங்கள். அதற்கு முன் ஒன்று: முக்கிய லேசரை இஓஎம் (ரேடியோ அலையால் லேசரின் அதிர்வெண்ணைப் பரப்பும் படிகம்) வைத்து அகலப்படுத்திவிட்டு, ரீபம்ப் லேசர்களை அகலப்படுத்த மறப்பது உண்டு. டாப்ளர் நகர்வு அவற்றுக்கும் உண்டல்லவா?

கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடுகிறது. அகலப்படுத்திய நிறமாலை மெதுவான வேகங்களை எட்டவில்லை. ஸ்கேனிங் கேவிட்டியில் நிறமாலையின் இரண்டு ஓரங்களையும் அளந்து, வேகத்துக்கு மாற்றிப் பாருங்கள். இஓஎம்முக்குப் போகும் ரேடியோ அலைத் திறன் இறங்கியிருந்தால் இப்படித்தான் ஆகும்.

## அறிகுறி 4: முதலில் பளிச்சென்று ஒளிர்ந்து, சட்டென இருண்டுவிடுகிறது

பல அணு மூலக்கூறில் நேரத்தை அதிகம் தின்னும் பிழை இதுதான். அணுக்களில் பழகி வந்தவர்களுக்கு இது எரிச்சலூட்டும். லேசர் திறன், அலைன்மென்ட் எல்லாம் சரியாக இருந்தும் மூலக்கூறு காணாமல் போகும்.

முதலில் எத்தனை ஃபோட்டானில் இருள்கிறது என்று கணக்கிடுங்கள். ஒளிர்வு எவ்வளவு நேரத்தில் மங்குகிறது என்பதைச் சிதறல் வேகத்தால் பெருக்கினால் போதும். தோராயமான விடையே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும்.

இருபது ஃபோட்டான் அளவில் இருண்டால் (100) நிலைக்கான ரீபம்ப் வேலை செய்யவில்லை. கிளர்ந்த மூலக்கூறில் சுமார் 95 சதவீதம் தரைநிலைக்கே திரும்பும், 4 சதவீதத்துக்குச் சற்று மேல் (100)-க்குப் போகும். இந்த லேசர் எந்த வழியைப் பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்து 574 அல்லது 651 நானோமீட்டரில் இருக்கும்.

நூறு சொச்சத்தில் இருண்டால் (200), (020) இரண்டில் ஒன்று.

ஆயிரம் அளவில் இருண்டால் (010) மேல் சந்தேகம் வையுங்கள். இந்த வளைவு நிலைக்கு ஒழுகும்போது மூலக்கூறு ஒரே ஒரு சுழற்சி நிலையில் விழாது. சுழற்சி எண் 1, 2 இரண்டிலும் விழும். ஒன்றை அடைத்துவிட்டு மற்றதைத் திறந்து வைத்திருப்பது அடிக்கடி நடக்கும்.

பத்தாயிரம் தாண்டி இருண்டால் அது பிழையே இல்லை. 2022இல் ஹார்வர்டு குழு இந்த மூலக்கூறை முதன்முதலாக முப்பரிமாணப் பொறியில் பிடித்தபோது, பதினொரு ரீபம்ப் லேசர்களை வைத்தும் சராசரியாக 12,000 ஃபோட்டான் அளவில்தான் மூலக்கூறு நழுவியது. அதை மிஞ்ச வேண்டுமென்றால் இன்னும் லேசர் வாங்க வேண்டும். 2017இல் ஸ்ட்ரான்ஷியம் மோனோஹைட்ராக்சைடைக் குளிர்வித்தபோது சில நூறு ஃபோட்டானே போதுமாக இருந்தது. ஒரு திசையில் கற்றையைக் குளிர்விக்க அது போதும், பொறியில் பிடிக்கப் போதாது.

அட்டைச் சோதனை

சந்தேகப்படும் ரீபம்பை அட்டையால் மறையுங்கள். ஒளிர்வு குறைந்தால் அது உழைத்துக்கொண்டிருக்கிறது. குறையாவிட்டால்தான் கவனிக்க வேண்டும். இல்லாமல் போனாலும் வித்தியாசம் தெரியாத லேசர் எதுவோ, அதுவே பெரும்பாலும் கெட்டுப்போன லேசர்.

"பெரும்பாலும்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒழுகல் ஆயிரத்தில் ஒன்று என்று வையுங்கள். நீங்கள் 100 ஃபோட்டான் மட்டும் சிதறடித்தால், அந்த ரீபம்பை மறைப்பதால் இழப்பு 10 சதவீதம்தான். யாக் சுடும்போது பல்ஸுக்குப் பல்ஸ் வரும் ஏற்ற இறக்கத்தில் அது காணாமல் போய்விடும். அதே ஒழுகல் 1,000 ஃபோட்டானில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடும். ஆகவே சிறிய ஒழுகலைச் சோதிக்கும்போது ஒளி படும் நேரத்தை நீட்டுங்கள். பெரிய ஒழுகலிலிருந்து சிறியதை நோக்கி வரிசையாகப் போங்கள். (100) சரியாகாமல் (010)-ஐச் சோதிப்பது வீண், மூலக்கூறு அங்கே போய்ச் சேரும் முன்பே தொலைந்திருக்கும்.

அட்டையைக் கையில் பிடித்து ஐந்து நிமிடம் மறைத்து, ஐந்து நிமிடம் திறந்து ஒப்பிடாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் சுடும் இடம் தேய்ந்திருக்கும். ஷட்டர் வைத்து ஒரு பல்ஸ் மறைத்தும் அடுத்த பல்ஸ் திறந்தும் மாற்றி மாற்றி எடுங்கள். ஒவ்வொன்றையும் செல் உறிஞ்சலால் வகுங்கள்.

குற்றவாளி கிடைத்த பின்

மலிவிலிருந்து தொடங்குங்கள். ஷட்டர் பாதியில் மாட்டியிருக்கிறதா? லேசரை வேகமாகத் திறந்து மூடும் ஏஓஎம்முக்கு ரேடியோ அலை போகிறதா? கேபிள் தளர்ந்திருப்பது ரொம்பச் சாதாரணம். தரைநிலையிலும் ஒவ்வொரு அதிர்வு நிலையிலும் எலக்ட்ரான் சுழலால் இரண்டாகப் பிரிந்த கோடுகள் உண்டு, தரைநிலையில் இடைவெளி சுமார் 52 மெகாஹெர்ட்ஸ். லேசரில் இரண்டு அதிர்வெண்ணும் இருக்கிறதா என்று கேவிட்டியில் பாருங்கள். ஒன்று மட்டும் இருந்தால் பாதி மூலக்கூறு இருட்டில் நிற்கும். பிறகு அந்த லேசரின் அதிர்வெண்ணை மெல்ல ஸ்கேன் செய்து, ஒளிர்வு எங்கே ஏறுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதிர்வெண் சரி, ஆனால் திறன் போதவில்லை என்றால் செலவு ஏறுகிறது. சாய லேசர் என்றால் சாயத்தை மாற்றலாம். 1,050, 1,550 நானோமீட்டர் ஃபைபர் ஆம்ப்ளிஃபயர் இரண்டைக் கலந்து 626 உண்டாக்கும் அமைப்பு என்றால் படிகத்தின் வெப்பநிலையையும் இரண்டு கற்றைகளின் அலைன்மென்ட்டையும் நீங்களே சரிசெய்யலாம். ஆம்ப்ளிஃபயரின் சொந்த வெளியீடு இறங்கியிருந்தால் உடனே அணைத்துவிட்டுத் தயாரிப்பாளரிடம் பேசுங்கள். ஃபைபர் முனை எரிந்த நிலையில் ஓட்டினால் சேதம் உள்ளே பரவும். பில்லும் பரவும்.

எல்லா ரீபம்பும் உழைக்கிறது, இருந்தும் இருட்டு என்றால் மூலக்கூறு அதிர்வு நிலைக்கு ஒழுகவில்லை, தரைநிலையிலேயே காந்த உபநிலை ஒன்றில் ஒளி படாமல் உட்கார்ந்திருக்கிறது. சில காஸ் காந்தப்புலத்தை லேசரின் போலரைசேஷனுக்கு (ஒளி அலை அதிரும் திசைக்கு) சாய்வாகக் கொடுங்கள், அல்லது போலரைசேஷனை வேகமாக மாற்றுங்கள். ஒளிர்வு உடனே ஏறினால் விடை கிடைத்துவிட்டது.

## அறிகுறி 5: மெதுவான மூலக்கூறுகள் வருகின்றன, பொறி உருவாகவில்லை

இங்கே பயன்படுவது ரேடியோ அலைப் பொறி. காந்தப்புலமும் ஒளியின் போலரைசேஷனும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலான வேகத்தில் சேர்ந்தே திசை மாற வேண்டும். இரண்டுக்கும் இடையேயான கட்டம் (ஃபேஸ்) தலைகீழாக இருந்தால் பொறி மூலக்கூறுகளைப் பிடிக்காது, வெளியே தள்ளும். கட்டத்தை 180 பாகை மாற்றிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை, முதலில் இதைச் செய்யுங்கள். யாரோ ஒரு கேபிளை நீளமானதாக மாற்றியிருந்தாலும் கட்டம் நகர்ந்திருக்கும்.

அடுத்து டிட்யூனிங் (லேசரின் அதிர்வெண் மூலக்கூறின் கோட்டிலிருந்து விலகும் அளவு) சிவப்புப் பக்கம், அதாவது கோட்டுக்குக் கீழே, இருக்கிறதா, ஆறு கற்றைகளின் போலரைசேஷனை அமைக்கும் கால் அலைத் தகடுகள் சரியான கோணத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாலையில் மட்டும் பொறி பலவீனமாகிறது என்றால் வெற்றிடத்துக்குள் இருக்கும் சுருள் சூடாகி ஒத்ததிர்வு நகர்கிறது. திரும்பி வரும் திறனை மீட்டரில் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் ஆம்ப்ளிஃபயரை அணையுங்கள், ரேடியோ அலை தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள். இந்த இடத்தில் இயற்பியல் பட்டம் உதவாது.

## அறிகுறி 6: பொறி உருவாகிறது, ஆயுள் குறைவு

லேசர் திறனைக் குறைத்து, சிதறல் வேகத்தைப் பாதியாக்குங்கள்.

ஆயுள் இரட்டிப்பானால் இழப்பு ஃபோட்டான் கணக்கில் நடக்கிறது. விநாடிக்குப் பத்து லட்சம் ஃபோட்டான் சிதறினால் 12,000 ஃபோட்டான் 12 மில்லி விநாடியில் தீர்ந்துவிடும். இதைவிடக் குறைவாக இருந்தால் அறிகுறி 4-க்குத் திரும்புங்கள்.

ஆயுள் மாறாவிட்டால் வெற்றிடம்தான் காரணம். கற்றையோடு சேர்ந்து ஹீலியமும் பொறி அறைக்கு வருகிறது. நடுவில் உள்ள ஷட்டர் மூலக்கூறுகள் போனதும் மூடுகிறதா என்று பாருங்கள். மூடியும் சரியாகவில்லை என்றால் ஹீலியம் ஓட்டத்தை முழுதாக நிறுத்திவிட்டு அறையின் அழுத்தத்தைக் கவனியுங்கள். அப்போதும் இறங்காவிட்டால் கசிவு. கசிவு கண்டறியும் கருவியை ஓட்டத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். ஃப்ளேஞ்ச் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்ப்பது கசிவைப் பெரிதாக்கும்.

## அறிகுறி 7: பொறிக்குப் பிறகு மேலும் குளிரவில்லை

பொறியின் வெப்பநிலை ஒரு மில்லிகெல்வின் அளவில் நிற்கும். அதிலிருந்து 2022இல் அடைந்த 110 மைக்ரோகெல்வின் பக்கம் போக, காந்தப்புலத்தை அணைத்துவிட்டு டிட்யூனிங்கை நீலப் பக்கம், அதாவது கோட்டுக்கு மேலே, கொண்டுபோக வேண்டும். சோடியம், ருபீடியம் பழக்கத்தில் சிவப்பை இன்னும் ஆழமாக்கினால் இங்கே வெப்பம்தான் ஏறும்.

நீலத்தில் வைத்தும் குளிரவில்லை என்றால் மிச்சக் காந்தப்புலம்தான் அடுத்த சந்தேகம். மூன்று திசை ஈடுசெய்யும் சுருள்களையும் ஒவ்வொன்றாக நகர்த்தி, மூலக்கூறு மேகம் எவ்வளவு மெதுவாக விரிகிறது என்று பாருங்கள். காஸ் மீட்டரை அறைக்கு வெளியே வைத்து அளப்பதில் பயனில்லை, மூலக்கூறே உங்கள் மீட்டர்.

## அறிகுறி 8: ஒளியியல் இருமுனைப் பொறியில் ஏறவில்லை

குவிந்த லேசர் கற்றையால் மூலக்கூறைப் பிடித்துவைப்பது இந்தப் பொறி. பிழை கிட்டத்தட்ட எப்போதும் அலைன்மென்ட். பொறிக் கற்றையின் குவியம் மேகத்தின் நடுவில் விழ வேண்டும், தவறினால் ஒன்றும் தெரியாது. ஏற்றும் நேரத்திலும் நீலப் பக்கக் குளிர்விப்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறிய பிறகு ஒரு விநாடி அளவில் நழுவினால் சுவர்களிலிருந்து வரும் வெப்பக் கதிர்வீச்சு மூலக்கூறை வளைவு நிலைக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. அறை வெப்பநிலையில் இருக்கும் அறைக்குள் அதைத் தடுக்க முடியாது. வளைவு நிலையிலிருந்து திருப்பிக் கொண்டுவரும் ரீபம்பை மட்டும் சரிபார்த்துவிட்டு, அளவீட்டை அந்த ஒரு விநாடிக்குள் முடிக்கத் திட்டமிடுங்கள்.